ஒரு டிரைவர், மூணு பெட்டி, பன்னிரண்டு மோட்டார்: பழைய அமெரிக்க மின்ரயில் பற்றி ஒரு சந்தேகம்

சிமுலேட்டர் பைத்தியம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரயில் சிமுலேட்டர்ல 1920கள்ல ஓடின அமெரிக்க இன்டர்அர்பன் ரயில் ஒண்ணு கிடைச்சுது. தெரியாதவங்களுக்கு: இது ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்கு ஓடுற மின்சார ரயில். ஊருக்குள்ள டிராம் மாதிரி நடுரோட்டுல ஊர்ந்து போகும், எல்லையைத் தாண்டினதும் தனித் தண்டவாளத்துல பிச்சுக்கிட்டுப் போகும். ஓட்ட ரொம்ப ஜாலியா இருக்கு. ஆனா சில விஷயம் மண்டையைக் குடையுது.

கன்ட்ரோலர்ல, அதாவது வேகத்தை ஏத்தி இறக்குற கைப்பிடியில, நிறைய நாட்ச் (படி) இருக்கு. ஆனா ரெண்டே ரெண்டு நாட்ச்லதான் ஹேண்டிலை விட்டுவைக்க முடியுது. மத்த எதுல கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் ரெசிஸ்டன்ஸ் சூடாகுதுன்னு எச்சரிக்கை வருது, அப்புறம் புகை. எதுக்கு இத்தனை நாட்ச் வச்சு அதுல நிக்கவும் விடமாட்டேங்கறாங்க?

அடுத்தது இதைவிடப் பெருசு. மூணு பெட்டியைச் சேர்த்துட்டு முதல் பெட்டியிலேருந்து ஓட்டுறேன். பெட்டிக்கு நாலு மோட்டார். பன்னிரண்டும் நான் சொன்னபடி கேக்குது. 600 வோல்ட் முழுசும் பெட்டிக்குப் பெட்டி கேபிள்ல போகுதா? பழைய போட்டோல பார்த்தா ரெண்டு பெட்டிக்கு நடுவுல மெலிசா ஒரு கேபிள்தான் தொங்குது. அதுல அவ்வளவு கரன்ட் போகுமா? ஆரம்பத்துல மின்சார ரயில்னாலும் எஞ்சின் வச்சுத்தான் இழுத்தாங்கன்னு படிச்சேன். எப்போ, எதுக்கு மாத்தினாங்க?

கடைசியா, இந்த ரயில் எல்லாத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிப் பிடுங்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் அந்த மெலிசான கேபிளைப் பிடிப்போம். நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே சரக்குள்ளது அதுதான்.

நான் மின்ரயில் ஷெட்டில் மோட்டாரும் காண்டாக்டருமாகவே (கரன்டைச் சேர்த்து வெட்டும் பெரிய சுவிட்ச்) காலம் தள்ளியவன். மின்சார ரயில் வரலாறு என்றால் எல்லாரும் மோட்டாரைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார்கள். மோட்டாரைச் சுற்றவைப்பது பெரிய காரியமே இல்லை. 1879லேயே பெர்லின் கண்காட்சியில் வெர்னர் வான் சீமென்ஸ் ஒரு குட்டி எஞ்சினை வைத்து ஆட்களை இழுத்துக் காட்டிவிட்டார். தூசியும் தண்ணீரும் தின்று, ஒவ்வொரு தண்டவாள இணைப்பிலும் அடி வாங்கி, நாள் முழுக்க நின்று நின்று கிளம்புகிற மோட்டார் வேண்டுமே, பிரச்சினை அங்கேதான்.

அதைத் தீர்த்தவர் ஃபிராங்க் ஸ்பிரேக். அமெரிக்கக் கடற்படையில் படித்து வந்தவர், கொஞ்ச காலம் எடிசனிடம் வேலை பார்த்து வெளியேறியவர். 1887ல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தில் ஒரு ஒப்பந்தம் எடுத்தார். 12 மைல் பாதை, 40 கார்கள் (டிராம் வண்டிகள்), பவர் ஹவுஸ், மேலே கம்பி எல்லாம் சேர்த்து 90 நாளில் முடிக்கவேண்டும். ஓடினால்தான் காசு, 1,10,000 டாலர். ஊர் முழுக்க மேடு. சில இடத்தில் நூறடிக்குப் பத்தடி ஏற்றம். இந்த வேலையில் அவருக்குக் கைநஷ்டம்தான்.

மோட்டாரை எங்கே வைப்பது? அதற்கு முன்னால் செய்தவர்கள் பெட்டிக்குள் வைத்து சங்கிலியோ பெல்ட்டோ போட்டார்கள். அறுந்துகொண்டே இருந்தது. நேராக அச்சில் இறுக்கிவைத்தால் தண்டவாளத்தின் அடி முழுவதும் மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சருக்குப் போகும். ஸ்பிரேக் மோட்டாரின் ஒரு பக்கத்தை பேரிங் போட்டு அச்சிலேயே தொங்கவிட்டார், எதிர்ப் பக்கத்து மூக்கை போகி (சக்கரங்களைத் தாங்கும் வண்டி) ஃபிரேமில் ஸ்பிரிங் மேல் உட்காரவைத்தார். சக்கரம் குதித்தால் மோட்டாரும் கூடவே ஆடும். ஆனால் மோட்டாரின் சின்னக் கியரான பினியனுக்கும் அச்சிலிருக்கும் பெரிய கியருக்கும் உள்ள தூரம் மாறாது, பல் உடையாது. அவ்வளவுதான் சூட்சுமம். இன்றைக்கும் ஷெட்டில் மூக்கில் தொங்கும் மோட்டாரைக் கழற்றாத ஃபிட்டர் கிடையாது.

சோதனை ஓட்டம் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. ராத்திரியில் மேடு ஏற்றிப் பார்க்கிறார்கள். கார் ஏறிவிட்டது. உச்சியில் நின்றபோது மோட்டார் கைவிட்டுவிட்டது. சுற்றிலும் ஜனக்கூட்டம். ஸ்பிரேக் சத்தமாக, சர்க்யூட்டில் சின்னக் கோளாறு, போய்க் கருவிகளை எடுத்து வா என்று உதவியாளரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து சீட்டில் படுத்துவிட்டார். கூட்டம் பார்த்துப் பார்த்துக் கலைந்தது. பிறகு இருட்டில் கருவிகள் வந்து சேர்ந்தன. நாலு கோவேறு கழுதைகள். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஷெட்டில் வேலை பார்த்தவன் எவனுக்கும் அந்த ராத்திரி புரியும்.

1888 பிப்ரவரி 2ந்தேதி பொதுமக்களுக்கு ஓட ஆரம்பித்தது. அந்த வருஷமே பாஸ்டன் டிராம் கம்பெனித் தலைவர் ஹென்றி விட்னி பார்க்க வந்தார். அவருக்குக் கேபிள் டிராம் (தெருவுக்கு அடியில் ஓடும் இரும்புக் கயிறு இழுப்பது) போடும் யோசனை. ஒரே இடத்தில் கார்கள் கூட்டமாக நின்றுவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பக் கரன்ட் தாங்குமா என்பதுதான் அவருடைய ஆட்களின் சந்தேகம். ராத்திரி சர்வீஸ் முடிந்ததும் ஸ்பிரேக் 22 கார்களை வரிசையாக ஒட்டி நிறுத்தினார். பவர் ஹவுஸில் வோல்டேஜை ஏற்றச் சொல்லிவிட்டு, லாந்தரை ஆட்டி ஒவ்வொன்றாகக் கிளப்பினார். விளக்குகள் மங்கின, ஆனால் 22ம் நகர்ந்தன. பாஸ்டன் மின்சாரத்துக்கு மாறியது. அதன் பிறகு ஊர் ஊராகக் கம்பி ஏறியது.

அப்போதெல்லாம் சுற்றுகிற மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் பிரஷ் பித்தளை, செம்பு. அது உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுரண்டித் தின்றுவிடும். அதே 1888ல் வான் டெபூல் கார்பன் பிரஷ் கொண்டுவந்தார். இதற்காக அவருக்குச் சிலை வைத்தால்கூடத் தகும் என்பேன். மோட்டார் மூடியைத் திறந்து பார்த்தால் நல்ல கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் பளபளவென்று இருக்கும். அந்தப் படலம் கார்பன் கொடுப்பது. அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும்.

இப்போது உங்கள் கேபிள். அந்தக் கால டிராம் கன்ட்ரோலரில் மோட்டாருக்குப் போகிற கரன்ட் முழுவதும் டிரைவர் கைக்குக் கீழேயே போகும். உருளையில் செம்புப் பட்டைகள், அவற்றை உரசும் விரல்கள். திருப்பும்போது உள்ளே தீப்பொறி பறக்கும், அதைக் காந்தச் சுருள் வைத்து ஊதி அணைப்பார்கள். ரெண்டு சின்ன மோட்டாருக்கு இது தாங்கும். ஆறு பெட்டி ரயில், தலா 50 குதிரைச்சக்தியில் பன்னிரண்டு மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 வோல்ட்டில் கிட்டத்தட்ட 750 ஆம்பியர். அதை ஒரு உருளையில் கையால் திருப்பச் சொன்னால் நான் ஓடிப்போவேன். அதனால்தான் பலர் எல்லா மோட்டாரையும் ஒரே வண்டியில் திணித்து, பின்னால் மோட்டார் இல்லாத பெட்டிகளைக் கோர்த்தார்கள். சிகாகோவில் 1895ல் திறந்த மெட்ரோபாலிட்டன் உயர்பாதை (தெருவுக்கு மேலே தூண்களில் போகும் ரயில்பாதை) அப்படித்தான் ஓடியது. முன்னால் ஒரு மோட்டார் பெட்டி, பின்னால் டிரெய்லர்கள்.

ஸ்பிரேக் நடுவில் சில வருஷம் லிஃப்ட் தொழிலுக்குப் போயிருந்தார். ஒரு கட்டடத்தின் பல லிஃப்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து இயக்குவது பற்றி யோசித்தபோது, இதையே ரயிலுக்குச் செய்தால் என்ன என்று பொறி தட்டியது. ஒவ்வொரு பெட்டியும் தன் கரன்டைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். தனக்கென்று மோட்டார், தனக்கென்று கன்ட்ரோலர். டிரைவர் கையிலிருப்பது ஒரு சின்ன சுவிட்ச் மட்டும். அந்த சுவிட்சின் உத்தரவுதான் ரயில் நெடுக ஓடுகிறது. நீங்கள் போட்டோவில் பார்த்த மெலிசான ஜம்பர் கேபிள் அதுதான். அதில் போவது இழுவைக் கரன்ட் இல்லை, உத்தரவு. முதலில் செய்தபோது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குட்டி மோட்டார் உட்கார்ந்து பெரிய கன்ட்ரோலர் உருளையைத் திருப்பியது. பிறகு அது போய்த் தனித்தனி காண்டாக்டர்கள் வந்தன. நான் வேலை பார்த்ததும் அந்த வம்சத்தில்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் வேறே. எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிக் கோர்த்தாலும் ஓடவேண்டும். தலைகீழாகத் திரும்பி நிற்கிற பெட்டிக்கு "முன்னே" என்றால் அதன் கணக்கில் "பின்னே". அதனால் முன்னுக்கான ஒயரும் பின்னுக்கான ஒயரும் பெட்டியைத் திருப்பினால் தானாகவே இடம் மாறும்படி கேபிள் இணைப்பைச் செய்துவிட்டார். பெட்டிகளைப் பிரித்துக் கோர்த்து ஷன்டிங் செய்கிறவன் எதையும் யோசிக்க வேண்டாம்.

சிகாகோ சவுத் சைட் உயர்பாதையில் அப்போது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை மாற்றும் வேலையை 1897ல் எடுத்தார். ஓடாவிட்டால் போகட்டும் என்று 1 லட்சம் டாலர் பிணை வைத்தார். அந்த ஜூலையில் ஸ்கெனெக்டடி நகரில் சோதனை ரயிலை ஓட்டிக் காட்டியது யார் தெரியுமா, அவருடைய 10 வயது மகன். இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? 1898ல் சவுத் சைட் பாதையில் நீராவி போய்விட்டது.

நாட்ச் கதையை அப்புறம் எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

---

மூன்றாம் தண்டவாளம் எழுதியது:

ஃபிட்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எஞ்சின் வைத்து இழுத்தால் என்ன கெடுதல் என்பதற்கு லண்டனில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1890ல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் சுரங்க ரயில் குட்டி மின்சார எஞ்சின்களால் ஓடியது. அதைப் பார்த்து 1900ல் சென்ட்ரல் லண்டன் ரயில்வே இன்னும் பெரிய எஞ்சின்களை இறக்கியது. எடை 44 டன். கியரே கிடையாது, ஆர்மேச்சரை அச்சின் மேலேயே கட்டிவிட்டார்கள். 44 டன்னில் 33 டன் ஸ்பிரிங் இல்லாமல் நேராகத் தண்டவாளத்தை இடித்தது. மேலே தெருவில் இருந்த கட்டடங்கள் அதிர ஆரம்பித்தன. சீப்சைட் பக்கத்து அலுவலகங்களில் வரைபடக்காரர்களால் நேர்கோடு போட முடியவில்லை என்று புகார். அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. கியர் வைத்த எஞ்சினையும் ஸ்பிரேக் முறையில் மோட்டார் பெட்டிகளையும் வைத்துச் சோதித்தார்கள். மோட்டார் பெட்டிகள்தான் ஜெயித்தன. 1903ல் எஞ்சின்களை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை.

மற்ற லாபங்களும் உண்டு. ரயில் கிளம்பும்போது சக்கரம் வழுக்காமல் இருக்க அதன் மேல் எடை வேண்டும். எஞ்சின் வைத்தால் எஞ்சினின் எடை மட்டும்தான் உதவும். எல்லாப் பெட்டியிலும் மோட்டார் இருந்தால் பயணிகளின் எடைகூட இழுவைக்கு வேலை செய்யும். அரை மைலுக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கிற பாதையில் சட்டென்று வேகம் பிடிப்பது எத்தனை முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் வேலையும் மிச்சம். டிரைவர் மறுகோடிக்கு நடந்துபோனால் போதும்.

---

சிமுலேட்டர் பைத்தியம் எழுதியது:

அருமை ஐயா! கழுதைக் கதையைப் படிச்சுட்டுச் சிரிப்பு தாங்கல. அந்தத் திருப்பிப் போட்ட பெட்டி விஷயம் சிமுலேட்டர்லயும் இருக்கு. இப்பதான் சோதிச்சுப் பார்த்தேன், எப்படிக் கோர்த்தாலும் ஓடுது. நாட்ச் கதைக்குக் காத்திருக்கேன். ஜெனரல் மோட்டார்ஸ் விஷயத்தையும் மறந்துடாதீங்க.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

வந்துவிட்டேன்.

நிற்கிற மோட்டாருக்கு 600 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கரன்ட் தறிகெட்டு ஓடும். உள்ளே சுற்றின் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு. சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மோட்டாரே எதிர் வோல்டேஜ் உண்டாக்கிக் கரன்டைக் கட்டுப்படுத்தும். அதனால் கிளம்பும்போது இடையில் கரன்டைத் தடுக்கும் இரும்பு கிரிட் ரெசிஸ்டன்ஸ்களை வைத்து, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக வெட்டிவிடவேண்டும். உங்கள் நாட்ச் ஒவ்வொன்றும் ஒரு துண்டு ரெசிஸ்டன்ஸை வெளியே எடுக்கிறது. அதில் நின்றால் கரன்டின் ஒரு பகுதி இரும்பைச் சூடாக்குவதற்கே போகும். அடியில் இருக்கும் கிரிட் செக்கச் செவேலென்று பழுக்கும். மழை நாளில் அதன் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், அந்த வேலை என் தலையில் விழும்.

இந்த விரயத்தைப் பாதியாக்க ஒரு வழி வைத்தார்கள். ரெண்டு மோட்டார் இருந்தால் முதலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் போடு. ஆளுக்கு 300 வோல்ட். ரெசிஸ்டன்ஸ் எல்லாம் வெட்டி முடித்தால் கிட்டத்தட்ட அரை வேகம். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடலாம், அதுதான் உங்கள் முதல் நல்ல நாட்ச். அதற்கு மேல் போனால் மோட்டார்களை இணையாக மாற்றி, ஆளுக்கு 600 வோல்ட் கொடுத்து, மறுபடி ரெசிஸ்டன்ஸைச் சேர்த்து, மறுபடி வெட்டிக்கொண்டே போய்க் கடைசி நாட்ச்சில் முழு வேகம். அது இரண்டாவது. உங்கள் வண்டியில் நாலு மோட்டார் என்றீர்கள், அதை ரெண்டு ரெண்டாகச் சேர்த்து இதே ஆட்டம். நடுவில் இருப்பதெல்லாம் ஏணிப்படி, குடியிருக்கிற இடம் இல்லை.

பிறகு வந்த காண்டாக்டர் கன்ட்ரோலில் டிரைவர் நேராகக் கடைசி நாட்ச்சுக்குத் தள்ளிவிடலாம். ஒரு ரிலே (தானாக இயங்கும் சின்ன சுவிட்ச்) கரன்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இறங்கினால்தான் அடுத்த காண்டாக்டரை விடும். பதற்றக்கார டிரைவரிடமிருந்து மோட்டாரைக் காப்பாற்றியது அந்தச் சின்ன ரிலே. அது வேலை செய்கிறதா என்று காதாலேயே சொல்லிவிடலாம்: டக், டக், டக் என்று ஒரே சீராக விழும். ரெண்டு டக் ஒட்டி விழுந்தால் அந்த பெட்டியை ஓரம் கட்டு.

இப்போது யார் கொன்றது என்ற கதை. 1949ல் சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், இன்னும் சில கம்பெனிகள் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது உண்மைதான். எதற்கு? நேஷனல் சிட்டி லைன்ஸ் என்கிற கம்பெனிக்குப் பணம் போட்டு, அது வாங்கிய ஊர்களில் தங்கள் பஸ்ஸும் டயரும் எண்ணெயும் மட்டும் விற்கச் சதி செய்ததாக. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அபராதம் 5,000 டாலர், அதாவது மேஜைக்கு அடியில் விழுந்தால் குனிந்து எடுக்காத காசு. ஆனால் அது நகர டிராம் விவகாரம். நேஷனல் சிட்டி லைன்ஸ் தொடங்கியதே 1936ல். அதற்கு முன்பே இன்டர்அர்பன்களில் பெரும்பாலானவை பாடையேறிவிட்டன.

அவை செத்த விதத்தைப் பார்க்கவேண்டும். 1916 வாக்கில் அமெரிக்காவில் 15,000 மைலுக்கு மேல் இன்டர்அர்பன் பாதை இருந்தது. ஒஹாயோதான் முதலிடம், அடுத்து இண்டியானா. இண்டியானாபொலிஸில் 1904ல் திறந்த டெர்மினலில் ஒன்பது தண்டவாளத்துக்குக் கூரை போட்டிருந்தார்கள். பெரும்பாலானவை 1900க்கும் 1908க்கும் இடையில் அவசர அவசரமாகப் போட்டவை. பங்கு விற்றுக் காசு பண்ணுகிறவர்கள் வரைந்த கோடு. ரெண்டு சின்ன ஊருக்கு நடுவே, சாலையை ஒட்டியே பாதை. கார் வந்ததும் ஜனம் அதே சாலையில் காரில் போனார்கள். சரக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்றால் ஊருக்குள் முக்கு திரும்புகிற வளைவில் பெரிய வேகன் திரும்பாது. ஊர் நிர்வாகம் கொடுத்த உரிமத்தில் டிக்கெட் விலை கட்டு. தண்டவாளத்துக்கு நடுவே சாலையைப் பராமரிப்பதும் கம்பெனி தலையில். அந்தச் சாலையில் போய்த்தான் கார்க்காரன் அவர்களுடைய பயணியைத் தட்டிக்கொண்டு போனான். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது ஊதாமலே விழுந்தன. மின்சாரக் கம்பெனிகள் ஒரே தாய்க் கம்பெனியின் கீழ் வேறு தொழில்களையும் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தி 1935ல் வந்த ஹோல்டிங் கம்பெனிச் சட்டம் மிச்சத்துக்குப் பால் ஊற்றியது. நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மின்சாரக் கம்பெனிகள் ரயிலைக் கழற்றிவிட்டன.

சண்டை போடாமல் சாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1930ல் சின்சின்னாட்டி அண்ட் லேக் ஈரி கம்பெனி அலுமினியம் கலந்து, எடை குறைத்து, சிவப்பு நிறத்தில் 20 ரயில் கார்கள் வாங்கியது. விளம்பரத்துக்கு ஒரு விமானத்தோடு பந்தயம் விட்டார்கள், மணிக்கு 97 மைல் தொட்டது. எட்டு ஒன்பது வருஷத்தில் அந்த ரயிலே இல்லை. கார்களை வேறு ஊர்க் கம்பெனிகள் வாங்கி ஓட்டின.

என்னைக் கேட்டால் மிக மோசமான சாவு சிகாகோ அரோரா அண்ட் எல்ஜினுடையதுதான். 1957 ஜூலை 3. காலையில் வேலைக்குப் போகிறவர்களை வழக்கம்போல சிகாகோவில் இறக்கிவிட்டார்கள். மத்தியானம் நீதிமன்ற அனுமதி கையில் வந்ததும் பயணிகள் சேவையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்குப் போக ரயில் இல்லை. திட்டமிட்டுச் செய்தார்களோ நஷ்டத்தில் செய்தார்களோ, பயணியை இப்படி நடுத்தெருவில் விட்டவனை நான் ரயில்காரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

கால அட்டவணை எழுதியது:

ஐயா எழுதுவது ரசிக்கும்படி இருக்கிறது, ஆனால் படிக்கிறவர்கள் மின்ரயில் என்றாலே இன்டர்அர்பன், அது செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரிய ரயில் கம்பெனிகள் போட்ட மின்பாதைகள் இன்றைக்கும் ஓடுகின்றன. அதில் சிலவற்றுக்கு ஒரு விபத்துதான் காரணம்.

1902 ஜனவரி 8ந்தேதி நியூயார்க் பார்க் அவென்யூ சுரங்கத்தில் நீராவியும் புகையும் சூழ்ந்து சிக்னல் தெரியாமல், நின்ற ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதியது. 15 பேர் செத்தார்கள். மன்ஹாட்டனுக்குள் நீராவி எஞ்சின் கூடாது என்று சட்டம் வந்தது, கெடு 1908 ஜூலை 1. நியூயார்க் சென்ட்ரலின் பொறியாளர் வில்லியம் வில்கஸும் நம்ம ஸ்பிரேக்கும் சேர்ந்து, ரயிலுக்குக் கரன்ட் தரப் பக்கத்தில் போடும் மூன்றாவது தண்டவாளத்தில் புதுசாக ஒன்று செய்தார்கள்: மேல்பக்கத்தை மூடிவிட்டு, அடிப்பக்கத்தில் ஷூ (ரயிலிலிருந்து நீளும் கரன்ட் எடுக்கும் தகடு) உரசும்படி. பனியும் விழாது, காலும் படாது.

அந்தப் பாதையிலேயே வந்து சேரும் நியூ ஹேவன் கம்பெனிக்கு நியூயார்க் சென்ட்ரலின் 660 வோல்ட் போதவில்லை. நேர்மின்சாரத்தை அத்தனை குறைந்த வோல்டேஜில் தூரம் கொண்டுபோனால் இழப்பு அதிகம், சில மைலுக்கு ஒரு துணைநிலையம் வேண்டும். அவர்கள் 1907ல் மேலே கம்பியில் 11,000 வோல்ட் மாறுமின்சாரம், நொடிக்கு 25 சுழற்சி கொண்டுவந்தார்கள். 25 ஏன் என்றால், அந்தக் கால கம்யூட்டேட்டர் மோட்டார் அதைவிட அதிகச் சுழற்சியில் தீப்பொறி கக்கும். ஆக, ஒரே எஞ்சின் மேலே 11,000 வோல்ட் மாறுமின்சாரத்திலும், கீழே 660 வோல்ட் நேர்மின்சாரத்திலும் ஓடவேண்டும். ஓடுகிற ஓட்டத்திலேயே பாண்டோகிராஃபை (மேல்கம்பியில் கரன்ட் எடுக்கும் கூரைச் சட்டம்) இறக்கி ஷூவை இறக்கினார்கள். 1907ல்! பெட்டியில் கழுதை கட்டிய காலத்திலிருந்து இருபதே வருஷம்.

பென்சில்வேனியா ரயில்வே 1915ல் ஃபிலடெல்ஃபியா–பாவோலி பாதையில் அதே 11,000 வோல்ட்டைப் போட்டு, மோட்டார் பெட்டிகளை ஓட்டியது. 1935ல் நியூயார்க்–வாஷிங்டன் முழுவதும் மின்சாரம். அதில் ஓடிய ஜி.ஜி.1 ரக மின்சார எஞ்சின்கள் 139, கடைசியாக ஓய்வு பெற்றது 1983ல். லாக்கவானா கம்பெனி 1930ல் 3,000 வோல்ட் நேர்மின்சாரம் போட்டு ஓட்டிய மோட்டார் பெட்டிகள் 1984 வரை ஓடின. முதல் ரயிலை ஹோபோக்கனில் ஓட்டிக் கிளப்பியது 83 வயது எடிசன். 54 வருஷம் ஒரே பெட்டி. இதையும் சொல்லுங்கள் ஐயா.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். லாக்கவானா பெட்டிகள் 54 வருஷம் ஓடியது மோட்டார் மகிமை மட்டுமில்லை, ஷெட்டில் எவனோ எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

இன்டர்அர்பனிலும் ஒன்று மிஞ்சியது. சிகாகோவிலிருந்து இண்டியானா போகும் சவுத் ஷோர் லைன், 1926லிருந்து 1,500 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சிகன் சிட்டியில் நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தது 2022 வரை. அதன் சகோதரன் நார்த் ஷோர் லைன் 1963 ஜனவரியில் மூடியது. 1941ல் அவர்கள் வாங்கிய ரெண்டு எலக்ட்ரோலைனர் ரயில்களைப் போட்டோவில் தேடிப் பாருங்கள். மணிக்கு 80 மைலுக்கு மேல் போகவேண்டும், சிகாகோ உயர்பாதையின் கூர்மையான வளைவிலும் திரும்பவேண்டும், மில்வாக்கியில் தெருவிலும் போகவேண்டும். அதற்காகப் பெட்டியைக் குறுக்கி, ரெண்டு பெட்டிக்கு ஒரு போகி என்று ஒட்டவைத்துச் செய்தார்கள். உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடமும் உண்டு.

---

சிமுலேட்டர் பைத்தியம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சின்ன விஷயம். கடைசி ஸ்டேஷன்ல பின்பக்க கேபினுக்கு மாறி ஓட்டினா, கூரை மேல இருந்து கம்பியில கரன்ட் எடுக்குற டிராலிக் கம்பம் முதல் சந்திப்புலயே கம்பியை விட்டுக் கழண்டுடுது. கேம்ல ஏதாவது பிழையா?

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

பிழை இல்லை. டிராலிக் கம்பம் எப்போதும் பின்னால் சாய்ந்து இழுபட்டு வரவேண்டும். குத்திக்கொண்டு முன்னால் போனால் கம்பிகள் பிரிகிற இடத்தில் தப்பான கம்பிக்குள் நுழைந்து கழன்றுவிடும், சில சமயம் கம்பியையே அறுத்துக்கொண்டு வரும். உங்கள் காரின் கூரையில் ரெண்டு கம்பம் இருக்கும் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால், இனிமேல் எந்தப் பக்கம் பின்பக்கமோ அந்தப் பக்கத்துக் கம்பத்தைக் கயிற்றை விட்டு ஏற்றுங்கள். அது கம்பியில் உட்கார்ந்து உள்ளே விளக்கு எரிந்த பிறகு மற்றதை இழுத்து இறக்கிக் கொக்கியில் மாட்டுங்கள். இறக்கிவிட்டு ஏற்றினால் நடுவில் கம்ப்ரெஸர் நின்றுபோகும், பிரேக்குக்குக் காற்று குறையும்.